பிரிட்டனின் கலையரங்குகள்: கட்டுவதற்குப் பணம், நடத்துவதற்கு?

இங்கிலாந்தில் உள்ள கலையரங்குகள், அருங்காட்சியகங்கள், நூலகங்கள், பாரம்பரியக் கட்டடங்கள் ஆகியவற்றுக்கு 27 கோடி பவுண்டுகளுக்கும் அதிகமான நிதியை ஒதுக்குவதாக பிரிட்டிஷ் கலாசாரத்துறை அமைச்சர் லிசா நேண்டி 2025 பிப்ரவரியில் அறிவித்தார். கலைகளுக்கான முதலாவது அரசாங்க வெள்ளை அறிக்கையை ஜெனி லீ 1965இல் வெளியிட்டு அறுபது ஆண்டுகள் ஆவதை ஒட்டி வெளியான அறிவிப்பு இது.

இந்த நிதியின் பெரும்பகுதி மூலதனச் செலவுக்கானது. அதாவது, ஒழுகும் கூரையைச் செப்பனிடலாம், பழுதான கொதிகலனை மாற்றலாம். ஆனால் மேடை ஏறும் நடிகருக்கோ, நுழைவுச்சீட்டு விற்கும் ஊழியருக்கோ அதிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது. பிரிட்டனின் கலைத்துறைக்கு இது புதிய சிக்கல் அல்ல.

1994இல் தேசிய லாட்டரி தொடங்கியபோது, நற்பணிகளுக்கான அதன் வருமானத்தில் கலைக்கும் பாரம்பரியத்துக்கும் தனித்தனியே பங்கு கிடைத்தது. அதுவரை கண்டிராத அளவில் பணம் வந்தது. அதைக் கொண்டு ஊர்தோறும் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஷெஃபீல்ட் நகரில் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டுகள் செலவில், நான்கு பெரிய உருக்கு முரசுகள் போன்ற வடிவில் கட்டப்பட்ட வெகுஜன இசைக்கான தேசிய மையம் 1999 மார்ச்சில் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. மறு ஆண்டே அது மூடப்பட்டது. இன்று அங்கு இயங்குவது ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கம். வெஸ்ட் பிராம்விச்சில் ஆறு கோடி பவுண்டுகளுக்கு மேல் விழுங்கிய 'தி பப்ளிக்' என்ற கலைமையம் 2008இல் திறக்கப்பட்டு, அதை நடத்தும் செலவை உள்ளூராட்சி மன்றம் தொடர்ந்து தாங்க இயலாத நிலையில் 2013இல் மூடப்பட்டது. அதுவும் இப்போது கல்லூரியாகிவிட்டது.

யானையை வாங்கிக் கட்டுவது ஒருநாள் செலவு, தீனி அன்றாடச் செலவு. இதை அதிகாரிகள் அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் புதிய கட்டடத்துக்கு ஒரு திறப்பு விழா உண்டு, அமைச்சர் நாடா வெட்டும் படம் உண்டு. மின்கட்டணம் செலுத்துவதற்கு அப்படி எதுவும் இல்லை.

அந்த அன்றாடச் செலவில் கணிசமான பங்கை ஏற்றுவந்தவை உள்ளூராட்சி மன்றங்கள். 2010க்குப் பிந்தைய சிக்கன நடவடிக்கைகளில் அவற்றுக்கான மத்திய அரசாங்க மானியம் பெருமளவு சுருங்கியது. முதியோர் பராமரிப்பைப் போன்ற சேவைகளைச் சட்டப்படி வழங்கியே தீரவேண்டும், கலைக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே வெட்டு முதலில் அங்கேதான் விழுகிறது. 2023 செப்டெம்பரில் நிதி நெருக்கடியை முறைப்படி அறிவித்த பர்மிங்ஹாம் மாநகர மன்றம், நகரின் முக்கிய கலை நிறுவனங்களுக்கான மானியத்தை அடுத்த நிதியாண்டில் பாதியாகக் குறைத்து, அதற்கடுத்த ஆண்டில் முற்றாக நிறுத்தியது. பர்மிங்ஹாம் சிம்ஃபனி இசைக்குழுவும் அவற்றில் ஒன்று.

பழைய கட்டடங்களின் நிலை இன்னும் விசித்திரமானது. புதிதாக வீடு கட்டினால் மதிப்புக்கூட்டு வரி இல்லை, இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீத வரி. பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட வழிபாட்டுத் தலங்களுக்கு, மதபேதமின்றி, இந்த வரியைத் திருப்பித் தரும் திட்டம் 2001இல் தொடங்கப்பட்டது. 2025இல் அதற்கும் ஒரு தலத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுகள் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எந்த அரசாங்கமும் முழுமையாகச் சீர்செய்ய முன்வரவில்லை.

நடத்தும் செலவுக்கு அரசாங்கத்தால் பணம் தரவே முடியாது என்பதும் உண்மையல்ல. கொரோனா பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டிருந்த 2020 ஜூலையில் 157 கோடி பவுண்டு மீட்பு நிதி அறிவிக்கப்பட்டது. சவுத்தாம்ப்டனின் நஃபீல்ட் அரங்கு அதற்குச் சில நாட்கள் முன்புதான் நிரந்தரமாக மூடப்பட்டது. ஆயினும் பல நிறுவனங்கள் சம்பளமும் வாடகையும் கொடுத்து உயிர் பிழைத்தது அந்த நிதியால்தான்.

லண்டனிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. பிள்ளைகளின் நடன, மிருதங்க அரங்கேற்றங்களில் பல, நகரசபைகளுக்குச் சொந்தமான மண்டபங்களையும் அரங்குகளையும் வாடகைக்கு எடுத்தே நடக்கின்றன. மன்றத்தின் மானியம் குறையும்போது வாடகை ஏறுகிறது. கூரை புதிதாக இருந்தும், மாலை ஆறு மணிக்குமேல் கதவைத் திறந்து வைக்க ஊழியர் இல்லாத மண்டபத்தில் அரங்கேற்றம் நடத்த முடியாது.