வெங்காயத்துக்குப் பூட்டு... விவசாயிக்கு வேட்டு!

2019 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சென்னையில பெரிய வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி எகிறிய நேரம். ஓட்டல்களில் ஆனியன் தோசை மாயமானது. ஆம்லெட்டில் முட்டைக்கோஸ் எட்டிப் பார்த்தது.

இதுல ஒரு வேடிக்கை. அதற்கு 2 மாதம் முன்பே, செப்டம்பர் 29-ந்தேதியே வெங்காய ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டிருந்தது. ஆனாலும் விலை ஏறியது. மகாராஷ்டிராவில் கொட்டிய மழையில் பயிர் அழுகியதுதான் காரணம். இல்லாத சரக்கை உத்தரவு போட்டு வரவழைக்க முடியுமா?

"சந்தையில் அரசு கை வைக்காதே" என்று சொல்லும் பொருளாதார நிபுணர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள்.

பூட்டு மேல் பூட்டு

2023-ல் நடந்ததைப் பாருங்க. பிப்ரவரி, மார்ச்சில் நாசிக் பக்கம் கிலோ 2, 3 ரூபாய்க்குக்கூட வெங்காயத்தைக் கேட்க ஆளில்லை. மாநில அரசு கிலோவுக்கு 3 ரூபாய் 50 காசு நிவாரணம் அறிவித்தது. அவ்வளவுதான்.

அதே ஆண்டு விலை ஏறத் தொடங்கியதும் என்ன ஆச்சு? ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபர் கடைசியில், டன் 800 டாலருக்குக் குறைந்து வெளிநாட்டுக்கு விற்கக்கூடாது என்று கட்டுப்பாடு. டிசம்பர் 8-ந்தேதி ஒரேயடியாகத் தடை. லாசல்கான் சந்தையில் சில வாரங்களில் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. நம்ம பெரம்பலூர் சின்ன வெங்காயமும் இந்தத் தடையில் தப்பவில்லை.

நஷ்டம் வந்தால் விவசாயிக்கு, லாபம் வரும்போது மட்டும் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

கூலித் தொழிலாளி கதி?

அரசு பக்கமும் ஒரு வாதம் இருக்கு. தடை போட்டா நகரத்தில் விலை உடனே இறங்கும். தினக்கூலிக்காரர் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த வருஷம் அடி வாங்கியவர் அடுத்த வருஷம் வெங்காயம் போட யோசிப்பார். சரக்கு குறையும். அப்புறம் அதே தொழிலாளிதான் கூடுதல் விலை கொடுக்கணும். விவசாயியின் தலையில் கட்டாமல், 2024 செப்டம்பரில் கிலோ 35 ரூபாய்க்கு விற்றது போல அரசே தன் கையிருப்பை மலிவாகக் கொடுப்பது மேல்.

வாடிக்கையாளரும் போச்சு

தடை வந்ததும் பங்களாதேஷில் விலை எகிறியது. இலங்கைக்கு 2024 ஏப்ரலில் 10 ஆயிரம் டன் மட்டும் தனி அனுமதியில் போனது. எப்போ கதவு சாத்துவாங்கன்னு தெரியாத கடையை யார் நம்புவார்? பாகிஸ்தான், சீனா பக்கம் போனார்கள்.

2024 மே 4-ல் தடை நீங்கியது. ஆனாலும் அடுத்த மாதம் வந்த தேர்தல் முடிவில் நாசிக் வட்டாரத்தில் ஆளுங்கட்சிக்கு அடி. திண்டோரியில் மத்திய இணை அமைச்சர் பாரதி பவாரே தோற்றார். வெங்காயக் கோபம் என்றார்கள் ஊர்க்காரர்கள்.

மிச்சமிருந்த 20 சதவீத வரியும் 2025 ஏப்ரல் 1-ல் போனது. அதற்குள் புது அறுவடை சந்தைக்கு வந்து விலை இறங்கிக்கொண்டிருந்தது.