அந்த 48 எண்களை எழுதி வைத்திருக்கிறீர்களா?



போன வாரம் என் லேப்டாப் அப்டேட் முடிந்து எழுந்ததும் நீலத்திரையைக் காட்டி, 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. கணக்கு வாத்தியாரிடமே எண் கேட்கிறது, எனக்குத் தெரியவில்லை!

கடைக்காரத் தம்பி பார்த்த உடனே "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்றார். தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். வேண்டாமப்பா என்று திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

இயந்திரத்தின் மேல் தப்பில்லை. திருடன் கையில் போனாலும் படிக்க முடியாதபடி உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டி வைப்பதுதான் பிட்லாக்கர். தொடங்கும் முறையில் ஏதாவது மாறினால் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். 2024 ஜூலை விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் இப்படிக் கேட்க, ஆகஸ்ட் அப்டேட்டில் அதைச் சரிசெய்தார்கள். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான். மைக்ரோசாஃப்ட்டாலும் திருப்பித் தர முடியாது.

என் சாவி எங்கே இருந்தது தெரியுமா? ஷார்ஜாவில்! லேப்டாப் வாங்கிக் கொடுத்த அக்கா மகன் தன் மெயில் ஐடியைப் போட்டுத் திறந்து கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். அவன் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, திரையில் இருந்த சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, போனில் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. (ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும். வகுத்துப் பார்த்தேன், பழக்க தோஷம்.) படங்கள் பத்திரம்.

எனக்கு வருத்தம் இதுதான். பெற்றோருக்கு லேப்டாப் வாங்கித் தருகிறீர்கள், சந்தோஷம். ஆனால் எந்தக் கணக்கில் திறந்தீர்கள், சாவி எங்கே என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. "அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது" என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். கேஸ் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதா?

இன்று ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது அந்த எண்ணை அப்பா அம்மா கையால் எழுத வையுங்கள். ஒரு தடவை திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்க வேண்டாம்; பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும்.

என்னுடையது பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.