அரச ஊழியருக்கு ஓய்வூதியம், தனியார்துறை ஊழியருக்கு?

வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் ஒவ்வொரு வருடமும் அரச ஊழியரின் சம்பளம் எவ்வளவால் கூடும் என்ற கேள்வியே நாட்டில் முதலில் எழுகின்றது. தனியார்துறையினரும் அதே ஆவலுடன் உரையைச் செவிமடுக்கின்றனர். உரை முடிவடையும்போது அவர்களுக்கென எஞ்சுவது பெரும்பாலும் ஓரிரு வரிகளே.

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சொன்னதை நாம் பரிகசிப்பதுண்டு. கணக்குப் பார்த்தால் அவர்கள் அப்படியொன்றும் தவறாகச் சொல்லிவிடவில்லை.

2025 பெப்ரவரியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தின்படி அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. முன்னர் தனியாக வழங்கப்பட்டு வந்த 7,500 ரூபா கொடுப்பனவுகள் இதனுள் அடக்கப்பட்டமையால் உண்மையான அதிகரிப்பு 8,250 ரூபாவே. அதுவும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று கட்டங்களாக. எனினும், 2024 இல் 17,800 ரூபாவாக்கப்பட்ட வாழ்க்கைச் செலவுப் படி இதற்குப் புறம்பானது. தனியார்துறையில் 2016 இல் சட்டமாக்கப்பட்ட தேசிய ஆகக்குறைந்த வேதனம் மாதம் 10,000 ரூபா. அது 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. புடைவைக் கடையில் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணுக்கு இதற்கு மேல் தரவேண்டுமென்று அச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

மேல்மட்டத்தில் நிலைமை நேர்மாறானது. பொறியியலாளரும் கணக்காளரும் அரச சேவையில் பெறுவதைப் போன்று பல மடங்கைத் தனியார்துறையில் பெறமுடியும். ஆகவே அரச ஊழியர் எல்லோரும் சொகுசாக வாழ்கின்றனர் என்று பொதுப்படக் கூறுவது நியாயமன்று. சம்பள உயர்வு கேட்டு 1980 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கிப் பல்லாயிரக்கணக்கான அரச ஊழியர்கள் வேலையை இழந்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

ஆனால், உண்மையான இடைவெளி சம்பளப் பட்டியலில் இல்லை. அது வேலையை விட்டு நின்ற பின்னரே தெரிகின்றது. அரச ஊழியருக்கு ஆயுள்வரை ஓய்வூதியம் உண்டு. அதற்கென அவர் எதுவும் செலுத்துவதில்லை. அவரது சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவது விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கே. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 இல் வெளிநாடு சென்று உழைப்பதற்கு ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையும் அவருக்கு அனுமதிக்கப்பட்டது. ஓய்வூதிய உரிமை பாதிக்கப்படவில்லை. அதே விமானத்தில் சென்ற தனியார் ஊழியர் பெரும்பாலும் தமது வேலையைத் துறந்தே சென்றார்.

தனியார் ஊழியரின் முதுமைக்கு இருப்பது 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதி. ஊழியர் 8 சதவீதமும் தொழில் வழங்குநர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். 30,000 ரூபா சம்பளத்தில் சேமலாப நிதிக்கு மாதாந்தம் 6,000 ரூபா சேர்கின்றது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனை மொத்தமாகப் பெறலாம். வீட்டுக் கூரைக்கும் மகளின் திருமணத்துக்கும் அது போய்விட்டால் அதன்பின் மாதாந்தம் வருவதற்கு எதுவுமில்லை.

அந்தச் சேமிப்பும் நெருக்கடியின்போது தப்பவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அவ்வருடத்துக்கு நிதி வழங்கிய வட்டியோ 9 சதவீதம். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் முறிகள் விலக்கப்பட்டன. சேமலாப நிதியின் திறைசேரி முறிகளோ 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. இணங்க மறுத்திருந்தால் வருமானத்தின் மீதான வரி 14 இலிருந்து 30 சதவீதமாகியிருக்கும். இதனைத் தெரிவு என்று எவ்வாறு அழைப்பது? ஆகக்குறைந்தது 9 சதவீத வட்டிக்கு அரசாங்கம் உத்தரவாதமளித்தது உண்மையே. ஆனால் பணத்தின் உரிமையாளர்களான தொழிலாளரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

2011 இல் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் ஏன் வீதிக்கு இறங்கினார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். ஓய்வூதியம் வேண்டாமென்று அவர்கள் கூறவில்லை. தமது சேமிப்பை அரசாங்கத்தின் கையில் மேலும் ஒப்படைக்க அஞ்சினார்கள். பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார், சட்டமூலம் கைவிடப்பட்டது. பன்னிரண்டு வருடங்களின் பின்னர் நிகழ்ந்தவை அந்த அச்சத்தைப் போக்கக்கூடியவையாக இருக்கவில்லை.

தனியார்துறையினருக்கும் ஓய்வூதியம் என்று எந்த அரசாங்கம் இனிப் பேசினாலும், சேமலாப நிதியின் முதலீடுகளைத் தீர்மானிக்கும் மேசையில் தொழிலாளருக்கு ஓர் ஆசனமுண்டா என்பதை முதலில் கூறட்டும். சம்பளத்திலிருந்து கழித்த பணத்தை நிதிக்குச் செலுத்தாது வைத்திருக்கும் தொழில் வழங்குநர்களிடமிருந்து அதனை எப்போது அறவிடப் போகின்றது என்பதையும் அதே மூச்சில் கூறட்டும்.