புது கீசர் இருக்கட்டும், முதலில் வாஷரைப் பாருங்கள்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கும். வகுப்பில் என் கோபத்தைப் பார்த்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டில் தண்ணீர்ச் செலவும் கரண்டுச் செலவும் குறைய வேண்டும் என்றால், எடுத்த எடுப்பில் கடைக்கு ஓடாதீர்கள். இருக்கிற குழாயையும் மோட்டாரையும் கீசரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பழுதை விட்டுவிட்டுப் புதுசு வாங்குவது சிக்கனமே இல்லை. ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றை ஆழப்படுத்துகிற வேலை அது.

கதையைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் என் அக்கா வீடு. அக்காவுக்கு 72 வயது, அத்தானுக்கு 78. ஒரே மகன் லண்டனில் இருக்கிறான். (மருமகனே, உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பிறகு போன் போட்டுச் சண்டை பிடிக்காதே.) இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு கணக்கு அங்கே 540 யூனிட்டை ஒட்டியே இருந்தது. வயசான இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது அதிகம். பையன் அங்கிருந்தபடியே யோசித்து, பழைய கீசர்தான் கரண்டை இழுக்கிறது என்று முடிவு கட்டினான். 5 ஸ்டார் போட்ட 25 லிட்டர் கீசரை ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். மாட்டுகிற கூலியோடு 12,000 ரூபாய். அடுத்த கணக்கும் அதே 540ல்தான் வந்து நின்றது.

மார்கழியில் ஒருநாள் விடியற்காலை அக்கா போன் செய்தாள். "மோட்டார் தண்ணி எடுக்க மாட்டேங்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றாள். போய்ப் பார்த்தால் வலது மணிக்கட்டில் கட்டு. மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றப் போன இடத்தில், சம்ப் ஓரத்துப் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி ஊத்துத?"

"ரெண்டு வருஷமா ஊத்துதேன். பழகிப்போச்சு."

"பையங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா அவன் புது மோட்டார் வாங்கி அனுப்பிருவான்."

அந்தப் பதிலில் எல்லாம் அடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு நம் கஷ்டம் புரியாமல் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து வாங்குவது. அந்த மருந்துக்குப் பயந்து பெற்றவர்கள் நோயைச் சொல்வதே இல்லை.

என் பழைய மாணவன் ஒருவன் பிளம்பர். அவனை வரச் சொன்னேன். வந்தவன் அரை நாளில் மூன்று இடத்தைக் காட்டினான்.

முதலாவது, ஃபுட் வால்வு. சம்ப்புக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருப்பது. மோட்டார் நின்ற பிறகு குழாயில் ஏறிய தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அது தேய்ந்துவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும். மறுநாள் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றும். அதற்காகத்தான் அக்கா தினமும் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது, கக்கூஸ் ஃப்ளஷ் தொட்டி. உள்ளே இருக்கிற ரப்பர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் பகலும் இரவும் தண்ணீர் வழிந்திருக்கிறது. மேல்தொட்டி அதனால்தான் நிற்கவே இல்லை. மோட்டார் ஒருநாளைக்குக் குறைந்தது 40 நிமிஷம் வீணாக ஓடியிருக்கிறது. 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 40 யூனிட்.

மூன்றாவதுதான் முக்கியம். குளியலறையில் வெந்நீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு செம்பை வைத்து அளந்தேன். மணிக்கு 1 லிட்டர். கீசர் சுவிட்சைக் காலை 5 மணிக்குப் போட்டால் இரவு 10 மணிக்குத்தான் அணைப்பார்கள். ஆக 17 லிட்டர் வெந்நீர். இனி பலகையைப் பாருங்கள் பிள்ளைகளே: 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கிலோகலோரி வேண்டும். 1 யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். 17 லிட்டரை 45 டிகிரி ஏற்ற 765 கிலோகலோரி, அதாவது 0.89 யூனிட். 60 நாளைக்கு 53 யூனிட்!

புது கீசர் என்ன செய்யும், பாவம்! பழையதைவிட நன்றாகச் சுட வைத்து, அதே ஓட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தது.

சாமான் செலவு 930 ரூபாய். கூலி 700. மொத்தம் 1,630. அடுத்த கணக்கு 450 யூனிட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 900 ரூபாய் குறைந்தது. 90 யூனிட்டுக்கு எப்படி இவ்வளவு என்று கேட்பீர்கள். நம் மாநிலத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் ஏறுவதில்லை. கீழே இருக்கிற 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். 500ஐ ஒட்டி எல்லைக் கோட்டில் நிற்கிற வீட்டில் ஒரு சொட்டுக் குழாய் போதும், உங்களை அந்தப் பக்கம் தள்ளிவிட.

லண்டனில் மருமகன் தன் வீட்டுப் பாய்லரை வருஷத்துக்கு ஒருமுறை ஆள் கூப்பிட்டு சர்வீஸ் செய்கிறான். அந்த நாட்டில் வீட்டை வாடகைக்கு விடுபவர் கேஸ் சாதனங்களை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று வாங்கியாக வேண்டும், அது சட்டம். அங்கே குளிர் ஆளைக் கொல்லும், அதனால் கவனம் வந்துவிட்டது. ஆனால் இங்கே அம்மா குளிக்கிற கீசரை எத்தனை வருஷமாக யாரும் திறந்து பார்க்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. அங்கே உள்ள புத்தி இங்கே விமான நிலையத்தில் இறங்கியதும் எங்கே போகிறது?

சிலர் சொல்வார்கள்: "சார், நமக்கென்ன, தாமிரபரணி இருக்கு. தண்ணிக்கா பஞ்சம்?" வற்றாத நதி என்று நானும் முப்பது வருஷம் பாடம் நடத்தியவன்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆறு கரை கொள்ளாமல் ஓடியது. அதே நாட்களில் ஆற்றுக்குள் இருந்த குடிநீர்த் திட்டங்கள் பழுதாகி, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் லாரியை எதிர்பார்த்து நின்றார்கள். ஆற்றில் தண்ணீர் இருப்பது வேறு, குழாயில் வருவது வேறு. நடுவில் இருப்பது பம்பும் பைப்பும் வால்வும்தான். அதோடு இந்த ஆற்றை நம்பித் தூத்துக்குடியும், விருதுநகர் மாவட்டத்து ஊர்களும் இருக்கின்றன. உங்கள் ஃப்ளஷ் தொட்டியில் வழிந்து போவது உங்கள் தண்ணீர் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

நம் முன்னோர் பராமரிப்பு தெரியாதவர்கள் இல்லை. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன்னால் வாய்க்காலில் இறங்கி மண் அள்ளினார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயரே உண்டு. ஏழெட்டு அணைக்கட்டும் அதன் கால்வாய்களும் இத்தனை நூற்றாண்டு நின்றது கட்டிய கையால் மட்டும் இல்லை, தூர் வாரிய கையாலும்தான். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் எங்கள் அம்மா பித்தளைப் பாத்திரங்களை வரிசையாக வெளியே எடுத்து வைப்பாள். ஈயம் போய்விட்டதே, புதுப் பானை வாங்கு என்று அப்பாவிடம் கேட்டதில்லை.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டில் என்ன நடந்தது?

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், உப்பு. எட்டாம் வகுப்பில் கடின நீர், மென்னீர் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! சூடாக்கினால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படியும் என்று பலகையில் சமன்பாடு எழுதியிருக்கிறேன். ஆனால் என் கீசரை ஒன்பது வருஷம் நான் திறக்கவில்லை. அன்று அதே பையனை வீட்டுக்குக் கூட்டி வந்து திறந்தபோது, சூடேற்றும் கம்பி தெரியவே இல்லை. வெள்ளைப் பாறை மாதிரி மூடியிருந்தது. இரண்டு கை நிறைய உப்புச் செதில் வந்தது. உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று உண்டு, தான் அரிந்துபோய்த் தொட்டியைத் துருவிலிருந்து காப்பது. அது இருந்த இடமே தெரியவில்லை. "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா தொட்டியே ஓட்டையாகியிருக்கும் சார்" என்றான்.

இன்னொரு குற்றமும் உண்டு. அது பெரிது. படிக்காத பையன்களைப் பார்த்து வகுப்பில் நான் ஒரு வாக்கியம் சொல்வேன்: "படிக்காட்டா பைப் ரிப்பேர் பாக்கத்தாம்ல போகணும்." உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கேட்டுச் சிரித்தவர்களும் இருப்பீர்கள். அந்தப் பையனும் அந்த வகுப்பில்தான் இருந்தான். அன்று என் கீசரைக் கழுவிக்கொண்டே அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேச முடியாமல் நின்றேன். இங்கே எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: நான் சொன்னது தப்பு. அந்த வேலையைக் கேவலமாக நினைத்ததால்தான் நம் வீட்டுக் குழாய்களையும் கேவலமாக நினைத்தோம். எலிவேஷனுக்கும் டைல்ஸுக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகிறோம். சுவருக்குள் பைப் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைப்பதில்லை. அக்கா வீட்டில் அத்தான், "ஒரு வாஷர் மாத்த எழுநூறா?" என்று பேரம் பேசினார். 12,000 ரூபாய் கீசருக்கு யாரும் பேரம் பேசவில்லை. பொருளுக்குப் பேசாத வாய் வேலைக்காரன் கூலிக்கு மட்டும் எப்படித் திறக்கிறது?

சரி, கோபம் போதும். வீட்டுப்பாடம் தருகிறேன்.

1. ஃப்ளஷ் தொட்டியில் பத்துச் சொட்டு சொட்டு நீலம் விடுங்கள். கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

2. இரவு படுக்கும்போது சொட்டுகிற குழாயின் அடியில் வாளி வையுங்கள். காலையில் அளந்து மூன்றால் பெருக்குங்கள், எட்டு மணி நேரம் தூங்குகிறவர் என்றால். அதுதான் ஒருநாள் நஷ்டம். வாளி வைத்துப் பிடித்துவிட்டோமே என்று திருப்திப்பட்டு விட்டுவிடாதீர்கள். நானும் ஒரு குழாய்க்கு அப்படித்தான் விட்டிருந்தேன்.

3. கீசர் 60 டிகிரிக்கு மேல் வேண்டாம். 75ல் கொதிக்க வைத்துப் பச்சைத்தண்ணீர் கலந்து குளிப்பதில் என்ன லாபம்? குளிக்கக் கால் மணி நேரம் முன்னால் போடுங்கள், குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் வீடு என்றால் வருஷத்துக்கு ஒருமுறை திறந்து கழுவச் சொல்லுங்கள். கம்பியையும், அழுத்தம் கூடினால் திறக்கிற பாதுகாப்பு வால்வையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். இதில் மிச்சம் பார்க்காதீர்கள், இது உயிர் விஷயம்.

4. வீட்டுக்குள் தண்ணீரை மொத்தமாக அடைக்கிற வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். மாதம் ஒருமுறை திருகிப் பாருங்கள். திருகாமல் விட்டால் தேவைப்படுகிற அன்று அசையாது.

5. இதெல்லாம் முடிந்த பிறகு புதுசு வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஐந்தாறு பேர் இருக்கிற வீட்டுக்கு நம் ஊர் வெயிலில் சோலார் வாட்டர் ஹீட்டர் நல்ல முதலீடு. ஆனால் உப்புத் தண்ணீரை நேராக விட்டால் அதன் குழாய்களும் அடைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் இணைப்பிலிருந்து கொடுங்கள். வெந்நீர் போகிற பைப்புக்கு உறை போடுங்கள். கீசர் வாங்கினால் ஸ்டாரைப் பாருங்கள். சூட்டைத் தொட்டி எவ்வளவு நேரம் காப்பாற்றுகிறது என்பதற்குத்தான் அந்த ஸ்டார். சொட்டுகிற குழாய்க்கு எந்த ஸ்டாரும் கிடையாது.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட் குறைந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் காலையை ஒதுக்கி, அம்மா பின்னாலேயே வீட்டைச் சுற்றி நடங்கள். எந்தக் குழாயை அழுத்தித் திருகுகிறாள், எந்தச் சுவிட்சைக் குச்சியால் தட்டுகிறாள், எங்கே வழுக்காமல் கால் வைக்கிறாள் என்று பாருங்கள். அவளாகச் சொல்ல மாட்டாள். அவளுக்கு எல்லாம் பழகிப்போயிருக்கும்.

அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. மருமகன் சித்திரையில் வருகிறான். சம்ப் ஓரத்துப் பாசியைத் தானே தேய்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பிளீச்சிங் பவுடரும் தேய்க்கிற பிரஷும் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் புதுசாக வாங்கலாம்.

அன்புடன்,
உங்கள் சார்