ஸ்கேன் எடுத்தால் மட்டும் போதாது

பாதத்தை ஸ்கேன் செய்தால் போதும், வடிவம் கணினியில் வந்துவிடும், லாஸ்ட் (ஷூவுக்கு வடிவம் தரும் அச்சு) செய்பவரின் அனுபவம் இனித் தேவையில்லை என்றொரு பேச்சு ஷூ தொழிலில் நிலவுகிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று தோலை நம்பி வாழும் ஊர்கள் இதை அப்படியே ஏற்றால் நட்டம் நமக்குத்தான். அந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஸ்கேனர் பாதத்தின் வடிவத்தைத் தருகிறது." இல்லை. பல கோணங்களில் எடுத்ததைச் சேர்த்தபின் கையில் இருப்பது ஒழுங்கற்ற புள்ளிக் குவியல். ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள், அவ்வளவுதான். எதனோடு எதை இணைப்பது, எந்தப் பக்கம் சதை, எந்தப் பக்கம் காற்று என்பதை மென்பொருள் ஊகித்தே முக்கோண வலையைப் பின்னுகிறது.

"பக்கத்துப் புள்ளிகளை இணைத்தால் பரப்பு கிடைத்துவிடும்." பெருவிரலும் அடுத்த விரலும் நெருங்கும் இடத்தில் இது தோற்றுவிடும். அங்கே மிக அருகிலுள்ள இரு புள்ளிகள் வெவ்வேறு விரல்களுக்கு உரியவையாக இருக்கலாம். இணைத்தால் இரண்டு விரலும் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு அடர்த்தியாகப் புள்ளிகள் இருந்தால் பரப்பைச் சரியாக மீட்கலாம் என்பதை நினா அமென்டாவும் மார்ஷல் பெர்னும் 1998-இல் கணித வழியில் நிறுவினார்கள். வளைவு கூடும் இடத்திலும் இரு பரப்புகள் நெருங்கும் இடத்திலும் புள்ளிகள் அடர்த்தியாக வேண்டும். ஸ்கேனரின் ஒளி எட்டாத விரலிடுக்கில்தான் அவை குறைவு.

"ஓட்டைகளை மென்பொருளே அடைத்துவிடும்." அடைக்கும். 2006-இல் கஸ்தான், போலித்தோ, ஹோப்பே வெளியிட்ட பாய்சான் முறை முழுதும் மூடிய பரப்பையே தரும். ஆனால் தரவு இல்லாத இடத்தில் அது வரைவது கணக்கின் அனுமானம், அளந்தது அல்ல. 1999-இல் வந்த பந்து உருட்டும் முறையோ, பந்து மூன்று புள்ளிகளில் தங்க முடியாத இடத்தைத் திறந்தே விட்டுவிடும். ஒரே பாதம், இரண்டு முறை, இரண்டு வடிவம்.

"வலை கிடைத்தால் லாஸ்ட் கிடைத்த மாதிரி." பாதம் வேறு, லாஸ்ட் வேறு. விரல் முன்னே நீள இடம், குதிகால் உயரம், முனை மேலெழும் அளவு, நடக்கும்போது பாதம் விரிவது ஆகிய எதையும் அசையாமல் நின்ற காலின் வலை சொல்லாது. அவற்றைச் சேர்ப்பவர் லாஸ்ட் செய்பவர்தான்.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியக் காலுக்கு இந்திய அளவு வேண்டும் என்ற அந்த முயற்சி பெருமைக்குரியது. அதன் பலன் நம் ஊர்த் தொழிற்கூடத்துக்கு முழுதாக வர வேண்டுமானால், வலையில் அளந்த பகுதியும் அனுமானித்த பகுதியும் தனித்தனி நிறத்தில் காட்டப்பட வேண்டும். அனுமானித்த இடத்தைத் திருத்தும் உரிமை லாஸ்ட் செய்பவரிடம் இருக்க வேண்டும். அவருக்கு அந்த மென்பொருளில் பயிற்சியும் கொடுக்க வேண்டும்.