ஒரு விளக்கு, மூன்று வகுப்பு



கடந்த வாரம் கல்வராயன் மலையில் ஒரு வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். ஒரே விளக்கின் கீழ் மூன்று பிள்ளைகள்: ஒன்பதாம் வகுப்பு அக்காள், நான்காம் வகுப்புத் தம்பி, எழுத்துப் பழகும் கடைக்குட்டி. "மூன்று பேரையும் ஒன்றாய் வைத்து எப்படிப் படிக்கவைப்பது, ஐயா?" என்று தாயார் கேட்டார்.

இதைக் குறையென அநேகர் எண்ணுகிறோம். நானோ கொடையென்றே எண்ணுகிறேன். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் பல வயதினரும் ஒருங்கே அமர்ந்தனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில், ராணுவ வீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், உள்ளூர்ச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அதை ஏற்காதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறியோருக்குக் கற்பித்தார். 1797-இல் அவர் அதை நூலாக வெளியிட, 'சென்னை முறை' இங்கிலாந்திலும் பரவிற்று.

நம் வீடுகளிலும் இது கூடும். கடைக்குட்டி புளியங்கொட்டைகளை எண்ணட்டும். தம்பி அவற்றையே கூறுகட்டிப் பெருக்கட்டும். அக்காள் மரவள்ளிக்கிழங்கு விற்ற வரவுசெலவைப் பார்க்கட்டும். ஒரே வேதாகமக் கதையைச் சிறியவர் படமாக வரைய, நடுவிலுள்ளவர் திருப்பிச் சொல்ல, பெரியவர் எழுதட்டும். பிறருக்கு விளக்குகிறவர் தாமும் தெளிவடைகிறார்.

ஆயினும் ஓர் எச்சரிப்பு. பெற்றோர் கூலிவேலைக்கு வெளியூர் செல்லும்போது, இளையோரைப் பார்த்துக்கொள்ளத் தன் பள்ளியை விட்டுவிடுகிறவள் பெரும்பாலும் மூத்த மகளே. தம்பியின் நாணற்பெட்டிக்குக் காவல் நின்ற மிரியாமை நினையுங்கள். தேவன் அவளைக் காவற்காரியாகவே விட்டுவிடவில்லை, தீர்க்கதரிசியாக உயர்த்தினார். அக்காள் அரைமணிநேரம் கற்பிக்கட்டும். அதன்பின் கடைக்குட்டியைத் தகப்பனார் மடியில் வாங்கிக்கொள்ளட்டும். அவள் தன் பாடத்தைப் படிக்கட்டும். பள்ளிக்கு அவள் நாள்தோறும் செல்வதும் தடைபடலாகாது.

கொரோனா காலத்து இழப்பை ஈடுசெய்ய, 2021-இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலைதோறும் பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்திக் கற்பித்தனர். நம் சபையாரால் அது இயலாதா? ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டிக்கிடக்கும் ஆலய வராந்தாவை மாலையில் திறப்போம். படித்த வாலிபர்கள் வாரத்தில் ஒரு மாலையேனும் கொடுங்கள். மதம் பாராமல் எல்லாப் பிள்ளைகளும் வரட்டும்.

உங்கள் வீட்டு மூத்த மகளின் புத்தகம் இன்றிரவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கர்த்தர் தாமே நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.