அடிமட்டையா, குருத்தா?



இந்த மாதம் ஒரு கறிவேப்பிலைச் செடியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் உரம் போட்ட கை அவருடையது. பழைய தோட்டத்தை விட்டு ஜொகூர் பாரு பக்கம் குடிவந்தபோது, லயத்து வாசலில் நின்ற கறிவேப்பிலை மரத்தடியிலிருந்து அவருடைய கணவர் ஒரு கன்றைப் பெயர்த்து, பெயிண்ட் வாளியில் வைத்து, லாரியில் வரும் வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. செடி அதே வாளியில் இருக்கிறது.

ஒருநாள் காலை வேலியோரம் நின்று, "வாத்தியாரே, செடி மஞ்சளா வெளுத்துப் போவுது, என்னா போடலாம்?" என்று கேட்டார். எனக்குப் பள்ளிக்குப் போகும் அவசரம். செடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் யூரியா தூவுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, நுனியெல்லாம் கருகிய ஒரு கொத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகுதான் போய்ப் பார்த்தேன். அடியிலிருந்த பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. நுனியில் வந்த இளந்தளிர்தான் வெளுத்திருந்தது. அதிலும் நரம்புகள் மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். இதைப் பார்த்திருந்தால் நான் யூரியா என்று வாயே திறந்திருக்க மாட்டேன்.

ஏன் என்று கேளுங்கள். செடிக்கு உயிர்வாழ 17 மூலப்பொருள்கள் வேண்டும். மூன்று, காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கிடைத்துவிடும். மீதி 14 மண்ணிலிருந்து வேர் வழியாக வரவேண்டியவை. அவற்றில் நிக்கலும் ஒன்று என்பது 1987ஆம் ஆண்டில்தான் உறுதியானது. நான் படித்த பழைய பாடப்புத்தகத்தில் அது கிடையாது. இந்தப் பதினான்கில் எது குறைந்ததோ அதுதான் விளைச்சலை நிர்ணயிக்கும். ஜெர்மனியில் காரல் ஸ்பிரெங்கெல் என்பவர் கண்டு சொன்னதை, லீபிக் என்ற வேதியியல் அறிஞர் 1840க்குப் பிறகு உலகெங்கும் பரப்பினார். நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. சாம்பாரில் உப்பு குறைந்தால் இன்னும் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினால் சரியாகுமா? கெட்டுத்தான் போகும். நான் பெரியம்மாவின் செடிக்குச் செய்ததும் அதுதான்.

எது குறைகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கேள்வி ஒன்றே ஒன்று: கோளாறு பழைய இலையிலா, புது இலையிலா?

தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாஷ், மெக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம்விட்டு இடம் போகக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி தன் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். தாய் தன் தட்டிலிருப்பதைப் பிள்ளைக்குத் தள்ளுவதில்லையா, அப்படி. ஆகவே முதலில் அடியிலிருக்கும் இலைதான் வாடும். இரும்பு, போரான், சுண்ணாம்புச் சத்து போன்றவை போய்ச் சேர்ந்த இடத்தைவிட்டு எளிதில் நகராதவை. அவை குறைந்தால் அடி இலை நன்றாக இருக்கும், குருத்துதான் கெடும்.

செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் இதை நாள்தோறும் பார்க்கிறீர்கள். அடிமட்டையின் இலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழுந்து, வெயிலுக்கு நேரே பிடித்தால் புள்ளி வழியாக வெளிச்சம் தெரிந்தால், பெரும்பாலும் பொட்டாஷ் பசி. அடிமட்டை முழுக்க ஆரஞ்சு மஞ்சளாக மாறி, மற்றொரு இலையின் நிழல் விழுந்த பகுதி மட்டும் பச்சையாக நின்றால் அது மெக்னீசியக் குறை. அதற்குத்தான் கீசரைட் போடுகிறார்கள். குருத்துப் பக்கத்தில் இலை நுனி கொக்கிபோல் வளைந்தாலோ, சுருங்கிக் குட்டையானாலோ போரான் போதவில்லை என்று பொருள்.

கண்ணுக்குத் தெரிகிற வரையில் காத்திருந்தால் குலை குறைந்துவிடும். அதனால்தான் தோட்டங்களில் ஆண்டுதோறும் மட்டையை வெட்டி, நடுப்பகுதி இலைகளைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். வளர்ந்த மரத்தில் அதற்கு எடுப்பது 17ஆம் மட்டை. முழுதாக விரிந்த முதல் குருத்துமட்டையை 1 என்று வைத்துக்கொண்டால், அதே சுருளில் கீழே 9, அதற்கும் கீழே 17. ரொம்ப இளசும் இல்லை, முற்றலும் இல்லை. மரத்தின் நிலைமையை நடுநிலையாகச் சொல்லும் மட்டை அது. சத்தும் 17, மட்டையும் 17 என்பது தற்செயல்தான். ஆனால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும்.

நம் ஜொகூரில் இந்தப் பசி ஏன் அதிகம் என்றும் சொல்லவேண்டும். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பொட்டாஷையும் மெக்னீசியத்தையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். நம் ரெங்காம் ஊரின் பெயரிலேயே ஒரு மண்வகை உண்டு. கருங்கல் பாறை மக்கி உண்டான மண். மரம் நன்றாக வேரூன்றும், ஆனால் புளிப்பு மிகுந்தது, சத்து குறைந்தது. போந்தியான் பக்கம் போனால் கதை வேறு. அங்கே மக்கிய மரமும் இலைதழையும் சேர்ந்த கறுப்புச் சதுப்பு மண், மலாய் மொழியில் தானா கம்புட் என்பார்கள். பார்த்தால் கொழுத்த மண்போல இருக்கும். ஆனால் அந்த மண்ணில் செம்புச் சத்து குறைவு. இருப்பதையும் மண்ணே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அன்னாசி வாடிப்போகும், செம்பனையின் நடுமட்டைகள் வெளுக்கும். அங்கே அன்னாசிக்கு மயில்துத்தம் சேர்ப்பது இதற்காகத்தான். ஒரு செடிக்கு வேண்டிய செம்பு மிக மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் இல்லாமல் போனால் மூட்டை மூட்டையாக மற்ற உரம் கொட்டியும் பயனில்லை.

செம்பனைக் குலை வெட்டி லாரியில் ஏறும்போது பொட்டாஷும் காட்டைவிட்டுப் போகிறது. ஆலையில் பழத்தை உதிர்த்த வெறுங்குலையைத் திரும்பக் கொண்டுவந்து காட்டில் பரப்புவது இடத்தை அடைப்பதற்கு அல்ல; போன பொட்டாஷில் ஒரு பகுதி அதில் திரும்பி வருகிறது.

உரம் போடும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மூட்டைக் கணக்கு முடியவேண்டும் என்ற நெருக்கடி எனக்கும் தெரியும். என் அம்மாவும் அந்த வேலைதான் செய்தார். ஆனாலும் ஒரே குத்தாகக் கொட்டினால் அந்த இடத்து வேர் வெந்துவிடும். மரத்தைச் சுற்றிப் பரவலாகத் தூவவேண்டும். யூரியா மண்மேல் அப்படியே கிடந்தால் ஒரு பகுதி நெடியாகக் காற்றில் போய்விடும். பெருமழை வந்தாலோ ஓடையில் போய்விடும். இளமழைக்கு முன் போடுவது நல்லது. கையுறை கேட்டு வாங்குங்கள். வெறுங்கையால் அள்ளி அள்ளி என் அம்மாவின் விரலிடுக்குகள் வெடித்திருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. இதை அறிவு வேண்டாத வேலை என்று பேசுகிறவர்கள் ஒருநாள் இருபது மரத்துக்கு ஒரே அளவாகத் தூவிக் காட்டட்டும்.

சரி, கறிவேப்பிலைக்கு வருவோம். இளந்தளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புக் குறை. ஆனால் நம் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? "பெரியம்மா, வேற என்ன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"சருவு கூட்டி எரிச்ச சாம்பல்தான். வாரா வாரம் ரெண்டு கை போடுவேன். சாம்பல்ல சத்து இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். பொட்டாஷுக்குச் சாம்பல் சத்து என்றே பெயர். ஆனால் சாம்பலில் சுண்ணாம்புத்தன்மையும் உண்டு. தோட்டத்துப் புளிப்பு மண்ணில் அது கெடுதல் செய்யாது. ஒரு வாளி மண்ணில் வருடக்கணக்காகப் போட்டால் புளிப்பே செத்துவிடும். புளிப்பு போனால் இரும்பு கரையாது. மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. போதாக்குறைக்கு வாளியின் அடித்துளைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. அதன்மேல் நான் யூரியாவையும் ஏற்றி வேரைக் கருக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாக வேரோடு மண்ணை உதிர்த்து, மேட்டுச் செம்மண்ணும் மக்கிய இலையும் கலந்து, துளைகளைக் குத்திவிட்டு மறுபடி நட்டோம். வாளியை மாற்றலாம் என்றேன், அவர் சம்மதிக்கவில்லை. ஏழெட்டு வாரம் ஒன்றும் அசையவில்லை. எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. சென்ற வெள்ளிக்கிழமை இரண்டு தளிர் விட்டது, இரண்டும் பச்சை.

"இப்ப சாம்பலை என்னா பண்றது வாத்தியாரே?" என்று கேட்டார்.

வாழைக்குப் போடச் சொன்னேன். இந்தத் தடவை வாழையைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.